அசேலியா வேரில் ஊற்றிய சுண்ணாம்பு

தம்பி,

எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்குப் பிரஷர், அதெல்லாம் எப்போதும் இருப்பதுதான். அதை விட்டால் நாங்கள் இரண்டு பேரும் சுகம். ஆனால் இந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள், உன் பெண்சாதி. அவள் சுகமாக இல்லை. போனில் சொல்லலாம் என்று பல தடவை வாயெடுத்தேன். "அம்மா, டியூட்டிக்கு நேரமாச்சு, அப்புறம் எடுக்கிறேன்" என்று நீ வைத்துவிடுகிறாய். நீ சொல்கிற அந்த அப்புறம் எந்த வருஷத்தில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை நீ பாதியில் வெட்ட முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் போகிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் 'அ' எழுதக் காட்டிக்கொடுத்த கை இது. என் எழுத்து புரியவில்லை என்று மட்டும் சாக்குச் சொல்லாதே.

சுகந்தி வருகிற வெள்ளிக்கிழமை ஹட்டனுக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போகிறாள். நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்புகிற போக்கு இல்லை இது. அலமாரியில் இருந்த அவள் துணியெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. தையல் மெஷினை மட்டும், "அப்புறமா ஆள் விட்டு எடுத்துக்கிறேன் அத்த" என்றாள். உனக்கு இது திடீரென்று தலையில் விழுந்த சேதியாக இருக்கும். எங்களுக்கு இது தைப்பொங்கலிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை, சண்டை போடவில்லை. நடந்ததெல்லாம் வீட்டுக்குப் பின்னால் அசேலியா பாத்தியில்தான் நடந்தது. செடிகளை விட்டுவிட்டு இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படி.

நீ முதல் தடவை கத்தாருக்குப் போகும்போது அந்தச் சரிவு வெறும் மானாப்புல்லாகக் கிடந்தது. நீ போன பிறகுதான் துரை பங்களாவை ஹோட்டலாக்கினார்கள். அங்கே வேலியாக நின்ற அசேலியாவையெல்லாம் பிடுங்கி ரோட்டோரம் குவித்திருந்தார்கள். இளஞ்சிவப்பு, வெள்ளை, ஊதா என்று பூவோடு பூவாகக் கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் சுகந்தியும் சாக்கைத் தலையில் போட்டு, வேர் மண்ணோடு தூக்கிக்கொண்டு வந்தோம். கல்யாணம் முடிந்த சூட்டில் நீ விமானம் ஏறிவிட்டாய். இந்த வீட்டில் சீனி டப்பா எங்கே, உப்பு டப்பா எங்கே என்றுகூட அவளுக்குப் பழகவில்லை. சமையலறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு நின்றோம். நான் ஒன்று சொன்னால் அவள் முகம் சுருங்கும், அவள் ஒன்று செய்தால் எனக்குச் சுருக்கென்று வரும். பாத்தியில் அப்படி இடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவள் குழி வெட்டினால் நான் செடியைப் பிடித்தேன். ஒரு மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

உன் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே செடி தேயிலை என்பது உனக்குத் தெரியும். பிள்ளைமடுவத்து வேலை கிடைக்கும் முன்னால் மலையில் கொழுந்து பறித்தவள்தானே. தேயிலைக்கு அடியில் ஒரு புல் தெரிந்தாலும் கங்காணி விடமாட்டார், சுரண்டிச் சுரண்டி வைக்க வேண்டும். அதே பழக்கத்தில் அசேலியாவுக்கு அடியிலும் சுரண்டியைப் போட்டு, சாணி மெழுகிய வாசல் மாதிரி வைத்திருந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். செடி மட்டும் வாடியது. அப்புறம்தான் தெரிந்தது, அசேலியாவின் வேர் ஆழம் போகாது. மேல்மண்ணிலேயே, தலைமுடி மாதிரி மெல்லிசாக, ஒரு தட்டாக விரிந்து கிடக்கும். நான் புல்லை மட்டும் சுரண்டவில்லை, வேரையும் சேர்த்துத்தான் சுரண்டியிருக்கிறேன். அதோடு விட்டேனா? தேயிலையை இடுப்பளவுக்கு மொட்டையாக வெட்டிவிடுகிற கவ்வாத்து இருக்கிறதே, அதையும் அசேலியாவுக்குச் செய்தேன். அதுவும் மழை தொடங்கின பிறகு. தேயிலைக்குக் கொழுந்துதான் வேண்டும், வெட்ட வெட்ட வரும். அசேலியாவுக்குப் பூதான் வேண்டும். அது பூத்து முடிந்த கையோடு அடுத்த வருஷத்து மொட்டுக்கு ஆயத்தமாகிவிடும். வெட்டுவதானால் பூ உதிர்ந்த உடனே மெதுவாக வெட்ட வேண்டும், பிந்தினால் வருகிற வருஷத்துப் பூவையும் சேர்த்து வெட்டியதாகிவிடும். நான் வெட்டின வருஷம் பச்சைப் புதராக நின்றது, ஒரு பூ இல்லை. "அத்த, நீங்க செடிக்கு மொட்டை போட்டு பழனிக்கு அனுப்பிட்டீங்க" என்று சுகந்தி சொல்லிச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் முதல் தடவை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அசேலியாவின் இனத்திலேயே பெரிய இலை ரோடோடென்ட்ரன் ஒன்றும் இருக்கிறது. சிங்களத்தில் மஹ ரத்மல் என்கிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பங்களாவுக்குப் பின்னால் நின்ற கிழட்டு மரத்தின் தாழ்ந்த கிளையை மண்ணுக்கு வளைத்து, மேலே கல் வைத்துப் பதியம் போட்டு எடுத்தது அது. பதியம் வேர் பிடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். சுகந்திக்குப் பொறுமை இல்லை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற வழியில் அடிக்கடி எட்டிப் பார்ப்பாள், விரலால் மண்ணைக் கிளறுவாள். "கிளறாத புள்ள, கிளறினா புடிக்கிற வேரும் புடிக்காது" என்று நான் கத்துவேன். கடைசியில் அது பிடித்தது. அவள்தான் வெட்டினாள், அவள்தான் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் நீ ஒரு தடவை லீவில் வந்து போய்விட்டாய். பாத்தியைப் பார்த்து, "பரவாயில்லையே" என்று சொல்லி ஒரு போட்டோ எடுத்தாய். அவளையும் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. நான் சொல்லவில்லை.

இனி பொங்கல் கதைக்கு வருகிறேன். இந்தப் பொங்கலோடு ஊருக்கே வந்துவிடுகிறேன், இனி கத்தார் இல்லை, பண்டாரவளையில் ஒரு கடை பார்த்துப் போடுவோம் என்று நீதான் சொன்னாய். யாரும் உன் கையைப் பிடித்துக் கேட்கவில்லை. அதைக் கேட்டதிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை, கல்யாண வீடாகிவிட்டது. சுகந்தி உன் சட்டைகளையெல்லாம் எடுத்து மறுபடி துவைத்தாள். உன் அப்பா பெயிண்ட் விலையைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்து, பதுளையில் சுண்ணாம்பு வாங்கி வந்து பீப்பாயில் கரைத்தார். முழங்கால் வலியோடு ஏணியில் ஏறி முன்சுவரை முடித்தார். பக்கச் சுவரில் பாதி வந்திருந்தார். அந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றாய். போடப்போகிறேன் என்றுகூட இல்லை, போட்டுவிட்டேன் என்றாய். "சுகந்திக்கு தெரியுமாப்பா?" என்று கேட்டேன். "நீயே பக்குவமா சொல்லிரும்மா. நான் சொன்னா அழுவா" என்றாய்.

தம்பி, உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி நீ வராததற்கு. மீதிப் பாதி அந்த ஒரு வாக்கியத்துக்கு. அவளுக்குத் தாலி கட்டும்போது என்னை விட்டுக் கட்டச் சொன்னாயா? உன் வாயால் சொல்ல வேண்டியதை என் வாயில் வைத்து அனுப்பினாய். நானும் சொன்னேன். அவள் அழவில்லை. அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது, அவள் அதை இறக்கவும் இல்லை. "சரி அத்த" என்றாள், அவ்வளவுதான். வெளியே உன் அப்பா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "இனி யாருக்குடி வெள்ளையடிக்கிறது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மீதிச் சுண்ணாம்பு முழுவதையும் பீப்பாயோடு பின்பக்கம் சாய்த்துவிட்டார். அது சுவரோரமாக ஓடி, வாய்க்கால் வழியே இறங்கி, எங்கே போனது என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. பொங்கல் வைத்தோம். சூரியனுக்குப் படைத்தோம். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கொஞ்ச நாளில் அசேலியா பழுக்க ஆரம்பித்தது. கிழட்டு இலை பழுத்தால் பரவாயில்லை, துளிர் இலையே மஞ்சளாக வந்தது. நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும், நடுவில் எல்லாம் மஞ்சள். ஊர்க் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். பசியாக இருக்கும் என்று தேயிலை உரத்தை அள்ளிப் போட்டேன், இலையின் ஓரமெல்லாம் கருகியது. கீழ்வீட்டுச் செல்லம்மா அக்கா வேறு வந்து நின்றாள். அவள் ஆடு ஒரு தடவை நம் அசேலியாத் தழையைத் தின்றுவிட்டு நுரை தள்ளிப் பிழைத்ததிலிருந்து இந்தச் செடியே அவளுக்கு ஆகாது. இலையில் விஷம் இருப்பது உண்மைதான், ஆட்டை வாய் வைக்க விடக்கூடாது. ஆனால் அவள் சொன்னது வேறு. "வீட்டுல ஒருத்தி மனசு வெந்துகிட்டு இருந்தா பச்சை நிக்குமா?" என்றாள், சுகந்தியின் காதில் விழும்படி. நானும் லேசுப்பட்டவள் இல்லை. துணி துவைத்த சோப்புத் தண்ணீரைப் பாத்தியில் ஊற்றுகிறாயா என்று சுகந்தியையே கேட்டேன். "இல்ல அத்த" என்றாள். அப்புறம் ரொம்ப நாள் பாத்திப் பக்கம் வரவில்லை.

ஒரு மழை நாளைக்கு மறுநாள் அவளே என்னைக் கூப்பிட்டாள். "அத்த, இங்க வந்து பாருங்க. மேல இருக்கிற செடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சுவரோரம், வாய்க்கா ஓரம் இருக்கிறது மட்டும்தான் பழுக்குது. மாமா சுண்ணாம்ப கவுத்த வழி இதுதானே?" மண்ணைக் கிளறினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அசேலியாவுக்குப் புளித்த மண்தான் வேண்டும். தேயிலை மண்ணில் அது செழித்து நிற்பதே அதனால்தான். சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறித்துவிட்டால், பக்கத்திலேயே சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நான் உரத்தைக் கொட்டக் கொட்ட அது பட்டினி கிடந்திருக்கிறது. பதுளையில் உரக்கடை வைத்திருக்கிற நானாவிடம் கேட்டபோது, "கந்தகத்தூள் போட்டா மண்ணு திரும்பும் அம்மா, ஆனா மெதுவாத்தான் திரும்பும். அதுவரைக்கும் செடி தாங்குமா?" என்றார். தாங்காது என்று எங்களுக்கே தெரிந்தது.

நாங்கள் இரண்டு பேருமாகத் தோண்டினோம். தட்டு வேர் என்பதால் ஆழத் தோண்ட வேண்டியதில்லை, சுற்றி அகலமாக வெட்டி, அடியில் மண்வெட்டியைக் கொடுத்துத் தூக்கினால் பாய் மாதிரி எழுந்து வரும். கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீரில் வேரை அலசினோம். செத்த வேரை வெட்டினோம். சுண்ணாம்பு எட்டாத மேட்டில், பழைய தேயிலைக்கு அடியில் எடுத்த மண்ணும் பைன் காட்டில் அள்ளிய மக்கிய ஊசியிலையும் கலந்து வைத்தோம். புதைத்து வைக்கக் கூடாது, வேரின் மேற்பக்கம் தரையைவிட ஒரு விரல் உயர்ந்தே இருக்க வேண்டும். மேலே இன்னும் ஊசியிலையைப் பரப்பி, வெயிலுக்குச் சாக்குக் கட்டினோம். சுவரோரம் நின்றவை போய்விட்டன, மற்றவை பிழைத்தன. இந்த வருஷம் பூக்கவில்லை. சின்னச் சின்னதாகப் பச்சைத் துளிர் வந்திருக்கிறது. இப்போது ஆடிக் காற்று வறண்டு அடிக்கிறது, காலையில் தண்ணீர் ஊற்றினால் மத்தியானத்துக்குள் மண் உலர்ந்துவிடுகிறது. தினமும் அவள்தான் ஊற்றுகிறாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஊற்றுவாள்.

கடைசிச் செடியை வைத்துவிட்டுக் கை கழுவும்போதுதான் சொன்னாள். "அத்த, நான் எங்க வீட்டுக்குப் போயிட்டு அப்பா கடையில தைக்கிறேன். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எடம் மாத்தி வெச்சா பொழைக்குதுல்ல, நானும் மாறி இருந்து பாக்குறேன்." நான் என்னென்னவோ சொன்னேன். அவன் நல்லவன், உனக்காகத்தானே கஷ்டப்படுகிறான், இன்னும் இரண்டு வருஷம்தானே என்றேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "எனக்காகன்னு சொல்றீங்க. அவரு என்கிட்ட ஒரு தடவை கேட்டாரா அத்த?" நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. குடிக்கிறவன் இல்லை, அனுப்ப வேண்டியதை அனுப்பாமல் இருந்தவன் இல்லை. மீன் குழம்பு வைக்கிற அன்றைக்கெல்லாம் என் கை வால் துண்டை உனக்கென்று ஒதுக்கப் போய்விட்டுத்தான் திரும்புகிறது. ஆனால் நீ ஒன்றைப் புரிந்துகொள்ளவில்லை. அனுப்புவது வேறு, கூட இருப்பது வேறு. நானும் அந்தச் செடிகளுக்கு அள்ளி அள்ளித்தான் கொட்டினேன், எடுத்துக்கொள்ள முடியாத இடத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. பண்டாரவளைக் கடைத்தெரு எங்கேயும் ஓடிப்போகாது. சின்னக் கடையாகப் போட்டாலும் கடைதான். அல்லது அங்கேதான் இருக்க வேண்டும் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு போக வழி பார். அதுவும் முடியாது என்றால், முடியாது என்பதை அவளிடம் நீயே சொல். அழுவாள் என்று பயப்படாதே. அழுகிறவளோடு இன்னும் பேசலாம். "சரி" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டுகிறவளோடு பேசுவதுதான் கஷ்டம்.

உன் அப்பா ஒரு யோசனை சொன்னார். ஆடி மாசம்தானே, பொண்ணை ஆடிக்கு அழைத்திருக்கிறார்கள் என்று ஊருக்குச் சொல்லிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கல்யாணம் முடிந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்ன ஆடி? தலை ஆடிக்கு மாமனார் வீட்டில் விருந்து சாப்பிட வேண்டிய மாப்பிள்ளையே அன்றைக்கு ஊரில் இல்லை. செல்லம்மா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரித்தால் சிரிக்கட்டும், அது பெரிதில்லை. ஆனால் ஹட்டனில் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பார். பெட்டியோடு தனியாக வந்து இறங்குகிற பெண்ணை ஊர் இரண்டே கேள்விதான் கேட்கும். மாமியார் கொடுமையா, இல்லை இவள் நடத்தை சரியில்லையா? அவள் வாயைத் திறந்து உன்னைக் குறை சொல்ல மாட்டாள். இத்தனை வருஷத்தில் என்னிடமே சொல்லாதவள், அங்கே போயா சொல்லப்போகிறாள்? அவள் பேசாமல் இருப்பாள், பழி அவள் தலையில் விழும்.

அதனால் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அவளோடு நானும் ஏறுகிறேன். உன் அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். முதலில் குதித்தார், "மானம் போயிரும்டி" என்றார், பிறகு என் செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தார். இதைப் படித்ததும் எனக்குப் போன் எடுக்காதே. நீ அழைத்தாலும் நான் பேசமாட்டேன். அவளுக்கு எடு. அவள் மனம் மாறுவாளா என்று எனக்குத் தெரியாது. மாறாவிட்டாலும் எடு, உன் வாயால் பேசு. நீ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன். சம்பந்தியின் தையல் கடை வாசலில், அக்கம்பக்கத்தார் பார்க்க, அவள் பெட்டியை நான்தான் கையில் பிடித்திருப்பேன். "உங்க பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லைங்க. எங்க மகன்தான் வரல" என்று சொல்வேன். பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காலையில் அடுப்படியில் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை "எங்க மகன்தான்" என்பதோடு நின்றுவிட்டது, இரண்டாம் தடவையும் முடிக்க முடியவில்லை. அப்புறமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது கடைசி வரைக்கும் வருகிறது.

அம்மா